பதினொரு கேசட்டுகள்

போன வாரம் நம்முடைய ஜாஸ் குழுவில் ஒருவர் பழைய கேசட் ஒன்றைப் போனுக்கு மாற்றி அனுப்பியிருந்தீர்கள். சிவாஜிநகர் பக்கம் ஒரு காயலான் கடையில் கிடைத்ததாம். அட்டையில் ஊதா மையில் தமிழ்க் கையெழுத்து. இத்தனை வருடம் தேடியும் நம்மில் ஒருவருக்கும் அகப்படாத இசைத்தட்டு, வாசிப்பு அமிர்தம், ஆனால் பதிவு காதைக் கிழிக்கிறது என்று ஆளாளுக்கு எழுதினீர்கள். ஒருவர், "இதைப் பதிந்தவர் செவிடராகத்தான் இருக்கணும்" என்று எழுதி, சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி மூன்றைப் பக்கத்தில் வைத்தார். பாதிக் குழு அதற்குக் கை தட்டியது.

இந்தக் குழுவில் வாய் நீளம் எனக்குத்தான் என்று உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவள் ஏன் மூன்று நாளாகச் சத்தம் காட்டவில்லை என்று இருவர் தனியாகக் கேட்டீர்கள். அந்த ஊதா மை என் அப்பாவுடையது. நீங்கள் சிரித்தது தப்பில்லை, அவர் செவிடர்தான். ஆனால் அந்தக் கேசட்டைப் பதிந்தபோது அது அவருக்கே தெரியாது. வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான். எனக்குப் பத்து வயது. நம் எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது, இனியும் மென்று விழுங்கி என்ன ஆகப்போகிறது?

எங்கள் வீடு ஜோகுபாளையத்தில், ஒரே காம்பவுண்டுக்குள் நாலு குடித்தனம் இருந்த இடத்தில் மூன்றாவது. அப்பாவுக்குத் தந்தி ஆபீசில் வேலை. சின்ன ஊர்களிலிருந்து கம்பியில் வரும் டக் டக் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு எழுத்தாக்குவார். காதுதான் அவருக்குச் சோறு போட்டது. மிச்ச நேரத்தில் அதே காதுக்கு அவர் சோறு போட்டார், ஜாஸ் என்ற சோறு. அதில் அவருக்குக் கூட்டாளிகள் இரண்டு பேர்.

ஒருவர் பேண்ட் மாமா. ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவர். விவேக் நகரிலிருந்து பஸ் பிடித்து வருவார். இன்னொருவர் ரேடியோ மாமா. அல்சூர் பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிற சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். கட்டில், பீரோ, தையல் மெஷினோடு இசைத்தட்டுகளும் வரும். எல்லோரும் கட்டிலைப் பார்க்கப் போனால் இந்த இருவரும் தட்டுகளைப் புரட்டப் போவார்கள். பெயர் கேள்விப்படாதவர்கள் வாசித்ததாக இருந்தால்தான் வாங்குவார்கள். பெயர் கேள்விப்பட்டது கடையிலேயே கிடைக்குமே என்பது அவர்கள் நியாயம்.

அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தட்டை வாங்கியவர் அட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டு, நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளின் மேல் காகிதம் ஒட்டி, செய்தித்தாளில் சுற்றி அப்பாவிடம் கொடுத்துவிட வேண்டும். அப்பா வார நாட்களில் சாயங்காலம் அதைக் கேட்டுக் கேசட்டில் பதிவார். பாட்டுக்கு ஒரு வரி வீதம், எந்த வாத்தியம் எங்கே நுழைகிறது, யார் கை எப்படி என்று காதால் கேட்டதை மட்டும் அட்டையில் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மூவரும் கூடி, கேசட்டைப் போட்டு, அப்பா எழுதியதை வரி வரியாகப் படித்துச் சண்டை போடுவார்கள். அதன் பிறகுதான் வாசித்தவர் பெயர் சொல்லப்படும். அப்பா எழுதியது தப்பாகிப்போய் நான் பார்த்ததே இல்லை. அந்த வருடம் வரைக்கும்.

அவருக்கு இருமல் வந்தது மழைக்கு முன்னால். கைக்குட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு பார்த்த அன்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். டிபி. தொண்ணூறு ஊசி, தினம் ஒன்று, கூடவே மாத்திரை. அப்போது அந்தப் பெயரைச் சொன்னாலே பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துவார்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அத்தைக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, முப்பத்தொரு வயது. இரண்டு இடம் கைகூடி வந்து தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக ரேடியோ மாமாவின் தம்பியே பார்த்துப் பிடித்துப்போய், பாக்கு வெற்றிலை மாற்றியாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "இது வெளிய தெரிஞ்சா உங்க அத்தை கழுத்துல தாலி ஏறாது. ஊசிய ஒரு நாள் விட்டாலும் அப்பா நமக்கு இல்ல. ரெண்டையும் மண்டையில ஏத்திக்க. யார் கேட்டாலும் ஊசி உனக்குத்தான். நீ ஒல்லியா இருக்கே, சத்து ஊசி போடறாங்கன்னு சொல்லு." நான் அப்போது முருங்கைக்காய்க்கு யூனிபார்ம் போட்ட மாதிரி இருப்பேன். அம்மாவின் பொய்க்கு நான் பொருத்தமான ஆள்.

அப்படித்தான் தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் அப்பாவும் நானும் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன கிளினிக்குக்குப் போனோம். பச்சைத் திரைக்குள் போகும்போது நான் முன்னால், அப்பா பின்னால். உள்ளே போனதும் அப்பா சட்டையைத் தூக்கிக்கொண்டு குப்புறப் படுப்பார், நான் சுவரைப் பார்த்து நிற்பேன். கொதிக்கிற தண்ணீரில் ஊசிகள் உரசிக்கொள்ளும் சத்தமும், ஸ்பிரிட் வாசனையும், கம்பவுண்டர் கன்னடத்தில், "ஆய்த்து, ஏளி", முடிந்தது எழுந்திருங்கள், என்று முதுகில் தட்டுவதும் இன்றைக்கும் எனக்கு அப்படியே இருக்கிறது. வெளியே வரும்போது நான் இடுப்பைத் தடவிக்கொண்டு நொண்டுவேன். நடிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஊசி தொடங்கி மூன்றாவது வாரத்துக் கேசட்டில்தான் முதல் தகராறு. அட்டையில் அப்பா எழுதியிருந்தார்: 'நாலாவது பாட்டு. டிரம்ஸ்காரர் சிம்பலைத் தொடவே இல்லை. என்ன துணிச்சல்.'

ரேடியோ மாமா கேசட்டை நிறுத்தினார். "இன்னாண்ணே இது? முதல்லேர்ந்து கடைசி வரிக்கும் சிம்பல்தானே அடிக்கிறான்?"

"எங்க அடிக்கிறான்? திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டார்கள். பித்தளைத் தட்டின் மேல் குச்சி படுகிற அந்தச் சன்னமான 'திஸ்... திஸ்' சத்தம் பாட்டு முழுக்க மழைத் தூறல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது. எனக்கே கேட்டது. அப்பா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அது டேப் இரைச்சல்பா" என்றார். பேண்ட் மாமா சிரித்தார். அப்பா வம்பு பண்ணுகிறார் என்று இருவரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து கேசட்டில் சத்தம் கூர்மையாகத் தொடங்கியது. ரேடியோ மாமா கட்டிக்கொடுத்த ஆம்ப்ளிபையர் வழியாகத்தான் பதிவு நடக்கும். அதில் சன்னச் சத்தங்களைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழைத் திருப்பினால் பதிவிலும் ஏறும். குமிழில் ஒரு வெள்ளைக் கோடு உண்டு. தட்டில் ஊசியை இறக்கிவைப்பது என் வேலை என்பதால் அந்தக் கோடு என் கண்ணுக்கு நேராக இருக்கும். எப்போதும் நேர் மேலே பார்த்து நிற்கும் கோடு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வலது பக்கம் சாய்ந்தது. "இப்ப சரியா இருக்கு" என்று அப்பா சொல்வார். எனக்குப் பல் கூசும்.

ரேடியோ மாமா என்ன செய்தார் தெரியுமா? பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு டேப் டெக்கின் ஹெட்டைத் துடைத்தார். அடுத்த வாரம் பெல்ட்டை மாற்றினார். அதற்கடுத்த வாரம் ஹெட்டையே மாற்றினார். கேசட்டின் கம்பெனியைத் திட்டினார், ஜோகுபாளையத்துக் கரண்டைத் திட்டினார். நம்மைப் போன்ற ஆட்கள்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும். சத்தம் கெட்டால் மெஷினைக் கழற்றுவோம். எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதனைக் கழற்றிப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை.

வீட்டில் வேறு விதமாக நடந்துகொண்டிருந்தது. குக்கர் விசில் அடிக்கும், அப்பா பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நடக்கும்போது சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டார். ஒரு நாள் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டைக் கடக்கும்போது பின்னால் பஸ் ஹாரன் அலறுகிறது, அவர் அத்தையின் கல்யாணப் புடவை நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே நடுரோட்டில் நடக்கிறார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், பித்தான் தெறித்தது. திரும்பி, அத்தனை பெரிய பஸ்ஸைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் வெளுத்தது. ஆனால், "டிரைவர் ஹாரன் அடிக்க மாட்டானா?" என்று கேட்டார். அடித்தானே என்று நான் சொல்லவில்லை. அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆபீசில் எப்படித் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். தந்தி மெஷினில் துள்ளுகிற கம்பியைக் கண்ணால் பார்த்தே எழுத அவருக்குப் பழகியிருந்தது. அதைப் பின்னால் அவரே சொன்னார். கை தானாகக் கண்ணுக்கு மாறிவிட்டது, மாறியதே தெரியவில்லை என்றார்.

தள்ளாட்டத்துக்கு ஊர் ஒரு காரணம் கண்டுபிடித்தது. தண்ணி. காம்பவுண்டில் முதலில் கிசுகிசுத்தார்கள், பிறகு ரேடியோ மாமா காதுக்குப் போனது. ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் நின்றே அப்பாவை மோந்து பார்த்தார். அப்பா மேல் ஊசி போட்ட ஸ்பிரிட் வாசனை. மாமாவுக்கு அது போதும். பதினோராவது கேசட் வரை ஏதோ வந்தார், அதன் பிறகு கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கல்யாணத்தை நிறுத்தவில்லை, பத்திரிகை அடித்தாகிவிட்டது.

பேண்ட் மாமா மட்டும் வேறு கோணத்தில் யோசித்திருக்கிறார். அறுபது ஊசி முடிந்த சமயம். நானும் அப்பாவும் கிளினிக்கிலிருந்து வருவதை எங்கோ பார்த்திருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை, ரேடியோ மாமா இன்னும் வராத நேரத்தில், அப்பா உள்ளே டீ போடப் போனபோது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாப்பா, நெஜத்தச் சொல்லணும். அந்த ஊசி உங்கப்பாவுக்கா?"

"இல்ல மாமா. எனக்கு."

"உனக்கா? இன்னாத்துக்கு?"

"சத்து ஊசி மாமா."

அவர் என் முகத்தையே பார்த்தார். "எங்க பேண்ட்ல ஒருத்தன் இருந்தான். டிரம்பெட் ஊதறவன். நெஞ்சுல சளின்னு தெனம் ஒரு ஊசி போட்டாங்க. மொதல்ல சிம்பல் கேக்கலன்னான். அப்பறம் தள்ளாடினான். ரெண்டாம் மாசத்துலயே எவனாவது ஊசிய மாத்தியிருந்தா காது தப்பிச்சிருக்கும்னு டாக்டரே சொன்னாரு. மாத்தறதுக்கு வேற மருந்து இருக்குதும்மா. அதனாலதான் கேக்கறேன்."

வேற மருந்து இருக்கிறது என்று அவர் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அதைவிடச் சத்தமாக அம்மா சொன்ன இரண்டும் உள்ளே கேட்டன. ஒரு நாள் விட்டாலும் அப்பா இல்லை. வெளியே தெரிந்தால் தாலி இல்லை. உள் அறையில் அத்தை புது ஜாக்கெட்டுக்கு ஹூக் தைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடி நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

"எனக்குத்தான் மாமா" என்றேன். இடுப்பைத் தடவிக் காட்டினேன்.

அவருடைய பயம் அப்பாவை விட்டு என் மேல் தாவியது. பையிலிருந்து சுருதி பார்க்கும் இரும்புக் கவையை எடுத்து, என்னைத் திருப்பி நிற்க வைத்து, முதுகுக்குப் பின்னால் தட்டினார். "கேக்குதா? கேக்கறது நின்னதும் கையைத் தூக்கு." இடது காது, வலது காது, தூரத்தில், பக்கத்தில் என்று மாற்றி மாற்றித் தட்டினார். கடைசி இழை அறுகிற வரை கேட்டுச் சரியாகக் கை தூக்கினேன். அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "உன் காதுக்கு ஒண்ணும் இல்லடி கண்ணு. பாம்புக் காது." என் தலையில் கை வைத்து ஏதோ ஜெபம் மாதிரி முணுமுணுத்தார். அப்பா டீயோடு வந்து, "என்ன வெளாட்டு?" என்று கேட்டார். கவை அப்போதும் மேஜை மேல் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அப்பா டம்ளர்களை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மீதி முப்பது ஊசியையும் ஒன்று விடாமல் போட்டோம். அம்மா காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டே வந்தாள். இருமல் போய்விட்டது, அப்பா சதை போட்டார், எக்ஸ்ரே சுத்தம் என்றார்கள். அம்மா ஜெயித்துவிட்டாள். அவளை இன்றைக்கு வில்லியாக நினைக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. தொண்ணூறாவது ஊசி கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால்.

கல்யாணம் அல்சூரில் ஒரு சத்திரத்தில். நீளமான, ஒடுக்கமான கூடம். மணவறை ஒரு கோடியில், மேளக்காரர்கள் மறுகோடியில், வாசல் பக்கம். நடுவில் ஜனம். ஐயர் சொல்வது மேளக்காரர்களுக்கு எட்டாது. அதனால் தாலி எடுக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் நடுவில் நின்று, ஐயர், "கெட்டி மேளம்" என்றதும் கையை உயர்த்தி அவர்களுக்குக் காட்ட வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "பொண்ணோட அண்ணன் சங்கீதம் தெரிஞ்சவராச்சே, அவரே நிக்கட்டும்" என்றார். மரியாதைக்காகச் சொன்னது. அப்பா அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், சிரித்துத் தலையாட்டினார். அம்மா மறுத்திருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வாள்? அவளுக்கு அதற்குள் எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை நான் கடைசி வரை கேட்கவில்லை.

அப்பா கூடத்தின் நடுவில் போய் நின்றார். தாரை வார்த்த ஈரம் கையில் காயவில்லை. கொஞ்ச நேரம் மணவறையைப் பார்த்தார். நாதஸ்வரக்காரர் மெதுவாக ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் தலை மெல்லத் திரும்பியது. நாதஸ்வரக்காரரின் விரல்களையே பார்க்க ஆரம்பித்தார். வாரக்கணக்காகக் காதுக்கு வராத எதையோ அங்கே கண்ணால் எடுக்கப் பார்க்கிற மாதிரி குனிந்து, ஆசையோடு பார்த்தார்.

"கெட்டி மேளம்!" என்றார் ஐயர்.

அப்பா விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

மேளக்காரர்கள் அப்பாவின் கையைப் பார்த்துக் காத்திருந்தார்கள். ரேடியோ மாமாவின் தம்பி தாலியைக் கழுத்துக்குக் கொண்டுபோய்விட்டார், முதல் முடிச்சு விழுந்துவிட்டது. கூடத்தில் யாரோ ஒரு கிழவி தும்மினாள். எந்தச் சத்தமும் காதில் விழக்கூடாது என்பதற்காகத்தான் கெட்டி மேளமே. அந்தத் தும்மல் கூடம் முழுக்கக் கேட்டது. அத்தை தலையை நிமிர்த்தினாள். அந்தக் கண்களை நான் வர்ணிக்கப் போவதில்லை. பிறகு யார் யாரோ கத்தி, மேளம் வெடித்து, அட்சதை பறந்தது. மூன்றாவது முடிச்சுக்குத்தான் மேளம் கிடைத்தது.

ரேடியோ மாமா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "காலங்காத்தாலேயே ஊத்திக்கினு வந்துட்டாருப்பா! தங்கச்சி கல்யாணத்துக்கே! நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டீங்க?" மாப்பிள்ளை வீட்டார் சூழ்ந்துகொண்டார்கள். பேண்ட் மாமா அப்பாவின் பின்னால் போய் நின்று, அவர் தலைக்குப் பின்னால் பலமாக இரண்டு முறை கை தட்டினார். அப்பா திரும்பவில்லை. பேண்ட் மாமா திரும்பினார். என்னைத் தேடினார்.

"எத்தனை ஊசி பாப்பா?"

"தொண்ணூறு மாமா."

"மிச்சம்?"

"முந்தாநாள் முடிஞ்சது."

அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூச்சை இழுத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் பக்கம் போய், "கேளுங்க, அவரு குடிக்கல. அவருக்கு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அம்மா பட்டுப் புடவை சரசரக்க நடுவில் வந்து கை கூப்பினாள்.

"குடிச்சிருக்காருங்க" என்றாள். "கொஞ்ச நாளாவே குடிக்கிறாரு. நான்தான் மறைச்சேன். மன்னிச்சுக்கங்க. பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

பேண்ட் மாமா வாயை மூடிக்கொண்டார். குடிகார அண்ணன் இருந்தால் பெண்ணைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள், டிபி அண்ணன் இருந்தால் அனுப்புவார்கள். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, விடுங்க. பந்தியப் போடுங்க" என்றார்.

அப்பா எல்லோருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு அதே சிரிப்போடு நின்றார். அம்மா கை கூப்பியதைப் பார்த்து அவரும் கை கூப்பினார். பிறகு குனிந்து என்னிடம் கேட்டார், கூடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி, தன் குரல் எவ்வளவு சத்தம் என்று தெரியாமல். "அம்மா என்ன சொல்றா?"

நான் அவர் முகத்துக்கு நேராக நின்று, குரலை எழுப்பாமல், உதட்டைப் படிக்க வசதியாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "உங்களுக்கு ஒடம்பு நல்லாயிருச்சுன்னு சொல்றாங்கப்பா."